எடை மேடையில் கத்தாதவன்

பிப்ரவரி 6

ஏ தங்கச்சி, எங்கே இருக்கே, எப்படி இருக்கே, சாப்பிட்டியா? தையல் மெஷின் நல்லா ஓடுதா? முதுகு வலி விட்டுச்சா? நான் இப்படிக் கேட்டுக்கிட்டே போவேன், நீ ஒண்ணுக்கும் பதில் சொல்ல மாட்டே. ரெண்டு வருஷமா போனை எடுக்கல. சரி, லெட்டரையாவது பிரிச்சுப் பார்ப்பியான்னு எழுதறேன். மூணாம் வகுப்போட நின்ன கை. பேசற மாதிரிதான் எழுத வரும். கோணலா இருந்தா தலையைச் சாய்ச்சுப் படி.

ஏன் திடீர்னு எழுதறேன்னா, நம்ம காய்கறி வேன் டிரைவர் உன்னைப் பட்டணத்து பஸ் ஸ்டாண்டுல பார்த்தானாம். "உங்க தங்கச்சி பாதியாயிட்டாங்க அண்ணே, முதல்ல அடையாளமே தெரியல"ன்னான். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. உன் அண்ணி, "அவன் கண்ணுக்கு எல்லாரும் பாதிதான், அவன் பொண்டாட்டி அந்த சைஸு"ன்னா. சிரிச்சேன். ஆனா இறங்கல.

இங்க எல்லாரும் சௌக்கியம். எடை மேடைக்குப் புதுசா தகரக் கூரை போட்டாங்க. மழை பேஞ்சா நான் கத்தற எடை எனக்கே கேக்கல. அதனால இன்னும் சத்தமா கத்தறேன். உனக்குத் தெரியும்ல, நம்ம மேடையில எடை பார்த்தா வாய்விட்டுக் கத்தணும். விக்கறவன், வாங்கறவன் ரெண்டு பேர் காதுலயும் விழணும். விழுந்தாச்சுன்னா அப்புறம் சண்டைக்கு இடமில்ல. இருபத்தஞ்சு வருஷமா கத்திக் கத்தி, வீட்டுல தண்ணி கேட்டாலும் மூட்டை எடை சொல்ற மாதிரி இருக்காம். ஊர்ல எனக்கு ரேடியோன்னு பேரு வச்சது சும்மாவா?

எங்கயோ போயிட்டேன். சொல்ல வந்தது நம்ம நர்ஸம்மா கதை. மலைக்கு மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரி வேன் வரும்ல, அதுல வர்ற அம்மா. விரல்ல குத்தி ரத்தம் எடுக்கறதால குத்தூசின்னு பேரு. மூட்டையில குத்தூசி போட்டு உள்ள என்ன சரக்குன்னு பார்ப்போமே, அந்த மாதிரி. அந்தம்மாவுக்கே தெரியும், சிரிச்சுக்குவாங்க.

முன்ன எல்லாம் வேனைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நிறுத்துவாங்க. ஒரு ஈ காக்கா போகாது. அந்தப் பக்கம் நடந்தாலே, "அவன் எதுக்கு அங்கே போறான்?"னு பத்து பேர் பார்ப்பாங்க. எச்ஐவி டெஸ்டு பண்ற வேன்னு ஊருக்கே தெரியும். அந்தம்மா நாலு மாசம் சும்மா உக்காந்து ஈ ஓட்டினாங்க. அஞ்சாவது மாசம் என்ன பண்ணாங்க தெரியுமா? நேரா எடை மேடைக்கு வந்து, என் தராசுக்குப் பக்கத்துல மேஜையைப் போட்டு, பின்னால சாக்குக் கட்டி ஒரு மறைப்பும் வச்சாங்க. "அண்ணே, ஊருல எல்லாரும் வர்ற இடம் இதுதானே? பிரஷர், சுகர், எச்ஐவி, மூணும் ஒரே மேஜை. வேண்டாம்கிறவங்க வேண்டாம்னு சொல்லலாம், நான் ஏன்னு கேக்க மாட்டேன்"னாங்க. என்ன மூளை பாரு!

முதல் ஆளா நான் உக்காந்தேன். ஒரு குத்து. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மறைப்புக்குப் பின்னால கூப்பிட்டு, மெதுவா, "உங்களுக்கு இல்ல அண்ணே"ன்னாங்க. நான் வெளிய வந்தேனா, பழக்க தோஷம், மேடையில ஏறி, "இல்லை!"ன்னு கத்திட்டேன். ஒரே சிரிப்பு. அடுத்து வந்த டீக்கடைக்காரனும் "இல்லை!"ன்னான். அதுக்கப்புறம் வெளிய வர்றவன் எல்லாம் கத்தறான். லாட்டரி அடிச்ச மாதிரி ஒரே கொண்டாட்டம். நம்ம லோடுமேன் நெட்டை மட்டும் வெளிய வந்து ஒண்ணும் கத்தாம, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். அன்னியிலேர்ந்து வேலைக்கு வரல. ஏன்னு தெரியல, உடம்பு சரியில்லையோ என்னமோ.

நீ ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணே,

கடிதம் வந்தது. திட்டியாவது எழுது என்றாய். எழுதுகிறேன்.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உனக்கு இன்னுமா புரியவில்லை? என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு மட்டும்தான் சொன்னேன், எலும்பும் தோலுமாகிவிட்டார், இருமல் நிற்கவில்லை, என்ன வியாதி என்றே டாக்டர்களுக்குத் தெரியவில்லை என்று. அடக்கத்துக்கு உங்கள் ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும் என்னிடம் அதையே திருப்பிச் சொன்னார்கள். சிலர் என் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நீ கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் நல்ல எண்ணத்தோடு நீ கத்தினாலும் என் காதுதான் அடைக்கிறது.

இப்போது நெட்டை. உனக்கு நிஜமாகவே தெரியவில்லையா? பத்துப் பேர் "இல்லை" என்று கத்திவிட்டு வந்தால், பதினோராவது ஆள் கத்தாமல் வருவது என்ன அர்த்தம் ஆகும்? அவன் தொண்டை கட்டியிருக்கலாம், கூச்சமாக இருந்திருக்கலாம், எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் உங்கள் மேடையில் மௌனமும் ஒரு எடைதான், எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அதைச் செய்தது நீ.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். டிரைவர் தம்பிக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். எனக்காக இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், என் வயதுதான், வீட்டுக்காரர் இல்லை. ஆறு மாதமாக வாய்ப்புண். இடுப்பில் அக்கி வந்து போனது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மூன்று டாக்டரிடம் போய்விட்டாள். சுகர், தைராய்டு, ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தார்கள். எச்ஐவி மட்டும் எடுக்கவில்லை. அவளே தைரியம் வந்து கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையேம்மா, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாராம். நல்ல மனிதர்தான். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையைத் தாண்டி இரண்டாவது முறை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஆறு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம் அண்ணே அது. அங்கே கேட்டும் கிடைக்காதது உங்கள் சாக்கு மறைப்புக்குப் பின்னால் கேட்காமலே கிடைக்கிறது. ஏன் என்று உன் நர்ஸம்மாவிடம் கேள். பெயர் எதுவும் சொல்லாதே. உன்னால் முடிந்தால்.

தங்கை


மார்ச் 11

தங்கச்சி,

உன் லெட்டர் வந்த அன்னிக்கு நான் மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிக்கும்போது உன் அண்ணி, "என்ன, ரேடியோ ஸ்டேஷன் மூடிட்டாங்களா?"ன்னு கேட்டா. லெட்டரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

நீ சொன்னது சரி. அடக்கத்துக்கு வந்தப்போ அவங்க தண்ணி குடிக்காததை நான் கவனிக்கவே இல்ல. சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, மாப்பிள்ளை எவ்வளவு நல்லவர்னு யாருக்கோ கதை சொல்லிக்கிட்டிருந்தேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்குத் தெரியல.

நர்ஸம்மா இந்த மாசம் வந்தவுடனே என்னைத் தனியா கூப்பிட்டாங்க. நீ எழுதினதையே சொன்னாங்க, கொஞ்சம் கோபமா. "அண்ணே, நான் மறைப்பு கட்டினது எதுக்கு? உள்ள மெதுவா சொல்றது எதுக்கு? நீங்க வெளிய வந்து மைக் போட்டா எப்படி? உங்க 'இல்லை' எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அதை நீங்க உங்களோட வச்சுக்கிட்டாத்தான் அடுத்தவங்க அவங்களோடதை வச்சுக்க முடியும்." எவ்வளவு அழகா சொன்னாங்க பாரு. திட்டினாலும் காதுல தேனா விழுந்துச்சு. மனுஷங்களைப் படைக்கும்போது சில பேருக்குப் பொறுமையை அள்ளிப் போட்டுட்டான் கடவுள், எனக்கு வாயைப் போட்டான்.

"இப்ப என்னம்மா பண்றது? கத்துனது கத்துனதுதானே, திருப்பி அள்ள முடியுமா?"ன்னேன்.

"ஊருலயே பெரிய வாய் யாருது?"ன்னாங்க.

"என்னுதுதான்."

"அப்ப அதுதான் மூடணும்."

புரிஞ்சுதா உனக்கு? எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. அன்னிக்கும் முதல் ஆளா நான்தான் உக்காந்தேன். உள்ள போனேன், வெளிய வந்தேன், மேடையில நின்னேன். எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டுப் பாக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. தராசுகிட்ட உக்காந்துட்டேன்.

டீக்கடைக்காரன், "என்னய்யா, இருக்கா இல்லையா?"ன்னான்.

நான் பேசல.

"ரேடியோ ரிப்பேரா?"ன்னான் இன்னொருத்தன்.

"அடுத்த மூட்டையைத் தூக்குடா"ன்னேன். அவ்வளவுதான்.

அடுத்து டீக்கடைக்காரன் உள்ள போயிட்டு வந்தான். வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கிட்டான். நானே கத்தலைன்னா அவன் கத்தினா என்ன மரியாதை? அப்புறம் ஒருத்தனும் கத்தல. நாங்க எல்லாரும் வாயில்லாப் பூச்சி மாதிரி வெளிய வந்து வந்து நின்னோம். பாக்கறதுக்குச் சிரிப்பா இருந்துச்சு. ஆனா யாருக்கு என்னன்னு யாருக்கும் தெரியல. நர்ஸம்மா மறைப்புக்குப் பின்னாலேர்ந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தாங்க. ஒரு வார்த்தை பாராட்டல. ஆனா அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்து மாசம் வாயை மூடுவேன்.

நெட்டையைக் கூப்பிட நானே போனேன். அவங்க அம்மா வீட்டுல விறகு பிளந்துக்கிட்டிருந்தான். "வாடா, தூக்க ஆளில்ல"ன்னேன். கோடரியைக் கீழ வச்சான். "ஏன் அண்ணே, நீங்க கேக்கவே மாட்டேங்கறீங்க?"ன்னான். "எடை பாக்கறது என் வேலை, தூக்கறது உன் வேலை, இதுல கேக்க என்ன இருக்கு, வா"ன்னேன். வந்துட்டான். இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் போறதில்ல. தங்கச்சி, எனக்கு ஒண்ணு தெரியாம இருக்கறது இவ்வளவு சுகமா இருக்கும்னு இப்பத்தான் தெரியுது.

இப்ப உன் பக்கத்து வீட்டுப் பொண்ணு விஷயம். பேர் சொல்லல, ஊர் சொல்லல. நர்ஸம்மா சொன்னது இதுதான். இந்த மலைப் பக்கம் முன்ன நிறைய பேர் நோய் முத்தினதுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாம். பாதிப் பேரைக் காப்பாத்த முடியலையாம். அதனால இங்க வர்றவங்க எல்லாரையும் கேட்டுப் பாக்கணும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. பட்டணத்துல அப்படி முடிவு இல்ல. டாக்டருக்குத் தோணினா பண்ணுவாங்க, தோணாட்டி இல்ல. நல்ல குடும்பம், நடு வயசு, புருஷனை இழந்தவங்கன்னா யாருக்கும் தோணறதில்லையாம். "ரத்தத்துக்கு நல்ல குடும்பம் கெட்ட குடும்பம் தெரியுமா அண்ணே?"ன்னாங்க.

அப்புறம், "அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் எப்படி இறந்தார்?"னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். பொய்தான் சொன்னேன். அவங்க என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "சீக்கிரம் போகச் சொல்லுங்க. காரணம் சொல்லத் தேவையில்ல. டெஸ்டு வேணும்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, அதுவே காரணம். இருந்தா ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, வேலைக்குப் போகலாம், நூறு வருஷம் இருக்கலாம். லேட்டாப் போறதுதான் கொல்லுது, வியாதி இல்ல"ன்னாங்க.

உன் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு ஒரு அண்ணன் இருந்தா, அவன் வாய் பெரிசா இருந்தாலும், அவன் சார்பா ஒரு வார்த்தை சொல்லு. அவ போகட்டும். அவ போனா அவன் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டான்னு நான் எழுதித் தரேன்.

அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணே,

பக்கத்து வீட்டில் பெண் யாரும் இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். உன்னைப் போல வளைத்து வளைத்துச் சொல்ல எனக்கு வராது, முயற்சி செய்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகும் மூன்று வாரம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டெஸ்டுக்குத் தனியாக ஒரு கட்டடம், பின்பக்கம், வாசலில் பெரிய போர்டு. எங்கள் தையல் கம்பெனி பஸ் அந்த வாசல் வழியாகத்தான் போகும். உங்கள் பள்ளிக்கூடத்துப் பின்னால் நின்ற வேனும் இதுவும் ஒன்றுதான். ஊர்தான் பெரியது.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது, எங்கள் வரிசைப் பெண்களிடம் உன் கதையைச் சொன்னேன். எங்கள் வரிசையில் எல்லாரையும் தைக்கிற இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். நான் காலர் அக்கா. பாக்கெட், காஜா, கை என்று மூன்று பேர். நீ மேடையில் ஏறி "இல்லை!" என்று கத்தியதைச் சொன்னதும் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெட்டையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நீ இரண்டாம் முறை வாயை மூடியதைச் சொன்னபோது பாக்கெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள்தான் முதலில் பேசினாள். "காலர் அக்கா, நாமளும் ஒண்ணா போயிடலாமா?"

"எதுக்கு?" என்றாள் கை.

"எதுக்குன்னா? ஒருத்தி மட்டும் போனா அவளைப் பாப்பாங்க. நாலு பேரு போனா யாரைப் பாப்பாங்க?"

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை அண்ணே. வேண்டுமென்றே பார்க்கவில்லை. மூன்று பேரும் அவரவர் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனோம். கவுன்ட்டரில் ஒரு பையன். "யாருக்கு?" என்றான். நாலு பேரும் சேர்ந்து "எனக்கு" என்றோம்.

"நாலு பேருக்குமா? என்ன காரணம்?"

பாக்கெட் விடவில்லை. "ஏம்ப்பா, பஸ்ல ஏறினா எதுக்குப் போறேன்னு கேட்டா டிக்கெட் குடுக்கறாங்க? டெஸ்டு வேணும், நாலு, எழுதிக்கோ."

அவன் எழுதினான். பின்னால் நின்ற ஒரு பெரியவர் சிரித்துவிட்டார்.

உள்ளே போவதற்கு முன்பே பேசிக்கொண்டோம். யாருக்கு என்னவானாலும் வெளியே வந்து ஒன்றும் சொல்லக் கூடாது, முகத்தையும் காட்டக் கூடாது, நாலு பேரும் வந்த பிறகு எதிர்க் கடையில் டீ குடிக்க வேண்டும். நான் மூன்றாவதாக வெளியே வந்தேன். வந்து உட்கார்ந்தேன். பிறகு டீ குடித்தோம். கை தன் டீயில் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாள். நானும் அவளோடு சேர்ந்து சண்டை போட்டேன். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு இருக்கிறது அண்ணே.

மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்தார்கள். முன்பு சிரித்த டாக்டர் இல்லை, இந்தக் கட்டடத்தில் வேறு ஒரு டாக்டரம்மா. உட்கார வைத்துப் பேசினார். எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, ஆனால் கை மீறிப் போகவில்லை, சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார். இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார். மாத்திரை தொடங்கிவிட்டேன். முதல் வாரம் தலை சுற்றியது. இப்போது இல்லை. வாய்ப்புண் ஆறிவிட்டது. போன வாரம் ஒரு தட்டு சோறு முழுதாகச் சாப்பிட்டேன்.

இரவில் அவரை நினைத்துக்கொள்கிறேன். ஏழு மாதம் அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் இருந்தார். ஒரு துளி ரத்தம். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் மேல் கோபம் வருகிறது, பிறகு அவர் இருமிய சத்தம் நினைவு வருகிறது, கோபம் போய்விடுகிறது. எங்கிருந்து வந்தது என்று நான் தேடப் போவதில்லை. உன் நர்ஸம்மாவின் மேஜை அப்போதே இருந்து, அவர் உங்கள் மலையில் மூட்டை தூக்குகிறவராக இருந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். அதுதான் என்னை அறுக்கிறது.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அண்ணியிடம் கூட இல்லை. நானே நேரில் வந்து சொல்வேன், எனக்குத் தெம்பு வந்ததும். இரண்டு வருஷத்துக்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொன்னேன், ஊரே கேட்டது. ஆனால் உன் மேடைக் கதை இல்லாவிட்டால் நான் அந்தப் படி ஏறியிருக்க மாட்டேன். உன் வாய் முதல் முறையாக எனக்கு நல்லது செய்தது. அதனால் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன்.

தங்கை


மே 6

என் தங்கச்சி,

நல்லா இருக்கியா, மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா? இனிமே எந்த லெட்டர்லயும் இந்த மூணைத்தான் முதல்ல கேப்பேன், பொறுத்துக்கோ.

உன் லெட்டரைப் படிச்சுட்டு அடுப்புல போட்டுட்டேன். நீ எழுதினதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச லெட்டர் அதுதான், அதைப் போய் எரிக்க வேண்டியதாச்சு. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசல. உன் அண்ணி பதறிப்போய் என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. "காய்ச்சலும் இல்லையே, என்ன ஆச்சு உங்களுக்கு?"ன்னு கேட்டா. "ஒண்ணும் இல்ல, உப்பு சரியா இருக்கு"ன்னேன். கல்யாணம் ஆன நாளா நான் அவ சமையலைப் பாராட்டினது கிடையாது. அவளுக்குப் பயமே வந்துடுச்சு. அடுத்து வேன் வர்ற அன்னிக்கு என்னைக் கையைப் பிடிச்சு நர்ஸம்மாகிட்ட கூட்டிட்டுப் போகணும்னு நின்னா.

டீக்கடையில கேட்டாங்க. டிரைவர்தான் ஆரம்பிச்சான், "தங்கச்சிக்கு உடம்பு எப்படி அண்ணே, ஏதாவது தெரிஞ்சுதா?"ன்னு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. பொய் சொன்னா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும், உண்மை சொல்லக் கூடாது. என்ன பண்ணேன் தெரியுமா? நம்ம தகரக் கூரை கதையை எடுத்தேன். கூரைக்கு ஆணி வாங்கப் போனது, ஆணிக்காரன் மாமனார் கழுதை வாங்கினது, அந்தக் கழுதை ஆஸ்பத்திரி வாசல்ல படுத்துக்கிட்டது, அப்படியே இழுத்துக்கிட்டுப் போனேன். எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு, கேட்ட கேள்வியை மறந்தே போயிட்டாங்க. இத்தனை வருஷம் பேசினேனே, அன்னிக்குத்தான் என் வாய்க்கு ஒரு உபயோகம் கிடைச்சுது. ஒரு விஷயத்தை மூடி வைக்க ஆயிரம் விஷயத்தைப் பேசலாம்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.

நெட்டை மட்டும் சிரிக்கல. கடைசியில என் டீக் கிளாஸையும் சேத்து எடுத்துக் கழுவி வச்சுட்டுப் போனான். அவ்வளவுதான். அவனுக்கு என்ன புரிஞ்சுதோ.

இன்னிக்குக் காலையில வேன் வந்ததும் நர்ஸம்மாகிட்ட உன் பேரு சொல்லாம, "பட்டணத்துல நாலு பொம்பளைங்க ஒண்ணா போய் நின்னாங்களாம்மா, கவுன்ட்டர்ல டிக்கெட் கேட்டாங்களாம்"னு மட்டும் சொன்னேன். அந்தம்மா கையில இருந்த பெட்டியைக் கீழ வச்சுட்டாங்க. "யாரு அண்ணே அவங்க? எனக்குக் கூட அது தோணலையே. போன வாரம் மலைக்கு மேல இருக்கற ரெண்டு ஊரு ஆளுங்களை எப்படிச் சேத்து வர வைக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு வழி தெரியாம இருந்தேன்"னாங்க. "தெரிஞ்சவங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு நெஞ்சு இவ்வளவு அகலமாயிடுச்சு, சட்டைப் பொத்தான் போட முடியல.

மாப்பிள்ளையை நினைச்சா எனக்கும் அறுக்குது. அதுக்கு மருந்து நர்ஸம்மாகிட்ட இல்ல, என்கிட்டயும் இல்ல. நீ வரும்போது ரெண்டு பேரும் உக்காந்து அழுவோம். நான் சத்தமில்லாம அழப் பழகிக்கிட்டிருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. சின்ன வயசுல இருட்டுல கொல்லைப் பக்கம் போறதுக்கு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வருவே. அந்தப் புள்ளை, பயந்து நடுங்கிக்கிட்டு, கூட மூணு பேரைச் சேத்துக்கிட்டு அந்தப் படியேறி, கையில அந்தப் பதிலை வாங்கிக்கிட்டு, வெளிய வந்து டீயில சர்க்கரை இல்லைன்னு சண்டையும் போட்டிருக்கே பாரு, அதை நினைச்சா எனக்கு மேடையில ஏறி, தகரக் கூரை பறக்கற மாதிரி, "இவ என் தங்கச்சி!"ன்னு கத்தணும் போல இருக்கு. கத்தல. உனக்கு மட்டும் இங்க எழுதறேன், காதுல கேட்ட மாதிரி படிச்சுக்கோ.

மேடையில உக்காந்துதான் இதை எழுதறேன். இன்னிக்கு வேன் வர்ற நாள். எனக்கு இன்னிக்கு சுகர் மட்டும்தான், ஆனா எதுக்கு உள்ள போறேன்னு எவனுக்கும் தெரியாது. டீக்கடைக்காரன் வந்துட்டான், மேல் ஊருலேர்ந்து ரெண்டு பொம்பளைங்க வந்து ஓரமா நிக்கறாங்க, புதுசு, பயந்து போயிருக்காங்க. இரு, நெட்டை கூப்பிடறான், "அண்ணே, மேஜை போட்டாச்சு, முதல் ஆள் நீங்கதான், வாங்க"ங்கறான், அந்த ரெண்டு பேரும் என்னையேதான் பாக்கறாங்க, நான் உள்ள போயிட்டு, அவங்களுக்குத் தெரியற மாதிரி நேரா நடந்து வந்து, இந்தத் தராசுகிட்ட உக்காந்து, வாயை மூடிக்கணும், வர்றேன்.

அண்ணன்